மீதி எங்கே போயிற்று?

நீடாமங்கலத்தை ஒட்டி மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. கல்லணையிலிருந்து வரும் வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. என் அப்பா அங்கே லஸ்கராக வேலை பார்த்தார். ஷட்டரை ஏற்றி இறக்குவதுதான் லஸ்கர் வேலை என்று ஊரில் பலர் நினைத்தார்கள். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒரு நீளமான பதிவேடு. ஆற்றுக்குள் நிற்கும் அளவுகோலில் நீர்மட்டம் பார்த்து, ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று குறித்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, மூன்று ஆற்றிலும் எத்தனை கன அடி போகிறது என்று காலையும் மாலையும் எழுதுவார். மேலே தென்பெரம்பூரில் வெண்ணாற்றில் எவ்வளவு விட்டார்கள் என்ற கணக்கும் அவருக்கு வந்துவிடும். இரண்டும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. “மீதி எங்கே போயிற்று?” என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்வார். வழியில் பிரியும் வாய்க்கால்களுக்கு இவ்வளவு, மணலில் இறங்கியது இவ்வளவு, வெயில் குடித்தது கொஞ்சம் என்று கழித்துக்கொண்டே வருவார். அதற்குப் பிறகும் இடித்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோடு மேற்கே போவார். எங்காவது கரை உடைத்துக்கொண்டிருக்கும், அல்லது யாராவது இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருப்பார்கள்.

1997இல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எனக்கு வேதிப் பொறியியல் கிடைத்தது. இன்று என்.ஐ.டி. என்று அழைக்கப்படும் அதே கல்லூரி. இரண்டாம் ஆண்டின் முதல் வாரத்தில் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். பெட்டிக்குள் ஓர் அம்பு, வெளியே ஓர் அம்பு. “உள்ளே வந்தது, வெளியே போனது, உள்ளேயே தங்கியது. இந்த மூன்றும் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் அளவு தவறு, அல்லது எங்கோ ஒழுகுகிறது. மூன்றாவது காரணம் கிடையாது” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது அப்பாவின் பதிவேடு. நான்கு ஆண்டுப் படிப்புக்கும் அடிப்படை அதுதான் என்று அன்று தெரியாது, இன்று தெரியும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் அண்ணன் மகள். கலந்தாய்வுக்கு முந்தைய வாரம் அண்ணன் போன் செய்தார். மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் வேண்டும் என்கிறாளாம். வீட்டில் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்களாம். “நீ படித்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது. நீயே வந்து எடுத்துச் சொல்” என்றார். எந்தப் பக்கம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் ஊருக்குப் போனேன்.

அவள் கேட்ட முதல் கேள்வி, “அத்தை, கெமிஸ்ட்ரி நன்றாக வந்தால் கெமிக்கல் இன்ஜினியரிங் நன்றாக வருமா?” இந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளாகப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேதியியலாளர் குடுவையில் 100 மில்லி தயாரிக்கிறார். அதையே ஒரு நாளைக்கு 100 டன்னாகத் தயாரிக்க வேண்டும் என்றால் குடுவையைப் பெரிதாக்கினால் போதாது. குடுவை சூடானால் கையால் தொட்டுப் பார்த்து அடுப்பை அணைக்கலாம். 20,000 லிட்டர் ரியாக்டருக்குள் உருவாகும் சூட்டை வெளியே கொண்டுவர வழி வேண்டும். உருவம் பெரிதாகும்போது கன அளவு ஏறும் வேகத்தில் மேற்பரப்பு ஏறுவதில்லை. சூடு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. குழாயில் எவ்வளவு அழுத்தம், பம்ப் எவ்வளவு பெரியது, கலந்ததைப் பிரிப்பது எப்படி, பிரித்ததில் மிஞ்சிய கழிவை எங்கே விடுவது: படிப்பு முழுவதும் இந்தக் கேள்விகள். வேதியியல் கொஞ்சம் வரும். இயற்பியலும் கணக்கும் மிக அதிகமாக வரும். கணக்கைக் கண்டு விலகுகிறவர்களிடம் இந்தப் படிப்பை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். மனத்தில் வைத்துச் சொல்லாமல் இருப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

வாயால் சொன்னது அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புழுங்கல் அரிசி மில் இருக்கிறது. அங்கே அழைத்துப் போனேன்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு நெல் அவிப்பது தெரியாத விஷயம் இல்லை. நெல்லை ஊறல் போடுகிறோம், நீராவியில் அவிக்கிறோம், காய வைக்கிறோம், பிறகு அரைக்கிறோம். ஊறும்போது உமியைத் தாண்டி அரிசிக்குள் தண்ணீர் போகிறது. நீராவி பட்டதும் மாவுச்சத்து இளகி, விரிசல்களை ஒட்டிவிடுகிறது. அதனால்தான் புழுங்கல் அரிசி அரைக்கும்போது பச்சரிசி அளவுக்கு நொய்யாவதில்லை. தவிட்டை ஒட்டியிருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து உள்ளே நகர்ந்து தங்கிக்கொள்கிறது. நகர்வது, ஊறுவது, சூடேறுவது, உலர்வது. இவற்றுக்கெல்லாம் என் கல்லூரியில் தனித்தனிப் பாடம் இருந்தது, தனித்தனியாகத் தடித்த புத்தகம் இருந்தது. எல்லாமும் ஒரே கூரையின் கீழ் இந்த மில்லில் நடக்கிறது. என் பாட்டி காலத்தில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடுவார்கள். நெல் புளித்து, தெருவே நாறும். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 70 டிகிரி அளவிலான வெந்நீரில் ஊற வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. மூன்று நாள் வேலை மூன்று நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. புளிப்பதற்குக் கிருமிக்கு நேரமும் கிடைப்பதில்லை, அந்தச் சூட்டை அது தாங்குவதும் இல்லை.

மில் வாசலில் உட்கார்ந்து அவளிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். அவித்த நெல் ஆயிரம் கிலோ, அதில் ஈரம் 35 சதவீதம். 14 சதவீதத்துக்குக் காய வைக்க வேண்டும். எத்தனை கிலோ தண்ணீர் போக வேண்டும்? “35இல் 14 போனால் 21. அப்படியானால் 210 கிலோ” என்றாள் உடனே. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவளே மறுபடி யோசித்தாள். தண்ணீர் போகிறது, உலர்ந்த நெல் எங்கும் போவதில்லை. அது முதலிலும் 650 கிலோ, முடிவிலும் 650 கிலோ. முடிவில் அந்த 650 கிலோ, மொத்தத்தில் 86 சதவீதம். அப்படியானால் மொத்தம் 756 கிலோ. போக வேண்டிய தண்ணீர் 244 கிலோ. மாறாததைப் பிடித்துக்கொண்டு மாறுவதைக் கணக்கிடுவது என்ற அந்த இடத்துக்கு அவள் தானாக வந்து சேர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

இது மில்லுக்குள் மட்டும் உதவும் கணக்கும் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை வாங்குவார்கள். அறுவடையில் மழை பிடித்தால் 22 வரை தளர்த்தச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் நம் ஆட்கள் கோரிக்கை வைக்கிறார்கள். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17க்குக் காய வைத்தால் 95 கிலோ நிற்கும் என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நிற்பது 94. ஒரு குவிண்டாலில் ஒரு கிலோ பெரிதாகத் தெரியாது. ஆயிரம் குவிண்டால் நெல் வைத்திருப்பவர், தன் ஒரு டன் எங்கே போனது என்று எடைக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். அது வானத்துக்குப் போயிருக்கும்.

பாய்லரில் உமி எரிந்துகொண்டிருந்தது. 756 கிலோ நெல்லிலிருந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, 150 கிலோ உமி வரும். ஒரு கிலோ உமியில் சுமார் 13 மெகாஜூல் வெப்பம். 244 கிலோ தண்ணீரை ஆவியாக்கத் தேவையானது 600 மெகாஜூலுக்குள்தான். பாய்லரிலும் குழாயிலும் உலர்த்தியிலும் நிறைய வீணானாலும் நெல்லின் உமியே அந்த நெல்லை அவித்துக் காய வைக்கப் போதும். வெளியிலிருந்து விறகு வேண்டாம், நிலக்கரி வேண்டாம். இந்தச் சமன்பாட்டை யாரும் தாளில் எழுதாமலே நம் மில்காரர்கள் கண்டுபிடித்து நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை, படிக்கப் படிக்கக் கூடியதே தவிரக் குறையவில்லை.

அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா ஒன்று கேட்டார். “மண்ணைக் கெடுக்கிற படிப்பைத்தானே நீ படித்தாய்? இவளையும் அதற்கே அனுப்ப வேண்டுமா?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. வருத்தமாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. நரிமணத்திலும் குத்தாலத்திலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலுக்குள் ஓடியது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்தபோது நான் மகிழ்ந்தேன். டெல்டா நெல் விளையும் மண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் பெரியப்பாவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் அவருக்கு நான் ஒரு கதை சொன்னேன். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உப்பிலிருந்து சோடா தயாரித்தார்கள். துணி வெளுக்கவும் சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது வேண்டியிருந்தது. தயாரிக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி புகைபோக்கி வழியாக வெளியேறி, சுற்றியிருந்த மரங்களையும் பயிர்களையும் கருக்கியது. நிலம் வைத்திருந்தவர்கள் முறையிட்டார்கள். 1863இல் ஆல்கலி சட்டம் வந்தது: அந்த ஆவியில் 95 சதவீதத்தையாவது வெளியே விடாமல் பிடிக்க வேண்டும். 95 சதவீதம் பிடித்தார்களா என்று எப்படித் தெரியும்? எவ்வளவு உண்டானது, எவ்வளவு வெளியே போனது என்று யாராவது அளக்க வேண்டும். அதற்காக ஆய்வாளர்களை நியமித்தார்கள். அப்படி ஆலை ஆலையாக ஏறி இறங்கிய ஆய்வாளர்களில் ஒருவர் ஜார்ஜ் டேவிஸ். பல ஆலைகளைப் பார்த்தபோது, தயாரிக்கும் பொருள் எதுவானாலும் உள்ளே நடக்கும் வேலைகள் ஒன்றுபோல இருப்பதை அவர் கவனித்தார். 1887இல் மான்செஸ்டரில் அதைப் பற்றி 12 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். வேதிப் பொறியியல் என்ற துறை பிறந்த கதையில் அந்தச் சொற்பொழிவுகளுக்கு முதல் இடம் உண்டு. பயிர் கருகியதைக் கண்டு கணக்குக் கேட்கப் போனவர் இந்தப் படிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், பெரியப்பா, என்றேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, “அப்படியா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

என் முதல் வேலையைப் பற்றியும் அண்ணன் மகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அவள் பெண். 2000ஆம் ஆண்டு கல்லூரிக்கு நேர்காணலுக்கு வந்த ஒரு நிறுவனம் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய எங்களில் இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, “உங்களை எடுக்க முடியாது, நைட் ஷிப்ட் போட முடியாது, சட்டம்” என்று சொல்லி அனுப்பியது. அவர்கள் சொன்ன சட்டம் இருந்தது: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு, மாலை 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பெண்களை வேலையில் வைக்கக் கூடாது என்றது. அந்த டிசம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. செய்தித்தாளில் வந்த அந்தத் துண்டை வெட்டி அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். ஆலை இரவில் தூங்காது. இரவில் ஆலையைப் பார்க்காதவர் பாதி ஆலையைத்தான் பார்த்திருக்கிறார்.

இதை நான் வேலையில்தான் கற்றுக்கொண்டேன். சென்னைக்கு வெளியே மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஓர் ஆலையில் சேர்ந்தேன். அங்கே மெத்தனாலைக் கரைப்பானாகப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் வடித்து எடுத்து மறுபடி பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் போட்டதில் 4 சதவீதம் திரும்பி வரவில்லை. “சேதாரம் என்று ஒன்று உண்டு, நகைக்கடையில் இல்லையா?” என்றார் மேலாளர். எல்லாரும் அதோடு விட்டுவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மாத லாக் ஷீட்டுகளை எடுத்து, எந்த வடிப்பு எத்தனை மணிக்கு நடந்தது என்று பிரித்து எழுதினேன். மதியம் இரண்டு மணிக்கு நடந்த வடிப்புகளில் சேதாரம் 5, 6 என்று இருந்தது. இரவு இரண்டு மணிக்கு நடந்தவற்றில் 2.

இரவில் வந்து பார்க்க அனுமதி கேட்டேன். தயங்கினார்கள். மூத்த ஆபரேட்டர் ஒருவர், “எங்கள் ஷிப்டில் வரட்டும் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். நான்கு இரவு உட்கார்ந்தேன். கூலிங் டவரிலிருந்து வரும் தண்ணீர் இரவில் 26 டிகிரி, மதியத்தில் 33. அந்தத் தண்ணீர்தான் கண்டென்சரில் மெத்தனால் ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்க வேண்டும். கண்டென்சரை விட்டு வரும் வாயு 30 டிகிரியில் வெளியேறாமல் 40 டிகிரியில் வெளியேறினால், மெத்தனாலின் ஆவி அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. வெயில் நேரத்தில் குளிராமல் தப்பித்த ஆவி வென்ட் குழாய் வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் வாய் இரண்டாவது தளத்தின் கூரைக்கருகில் முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் மதியம் நிழலுக்காக அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தலைவலிக்கிறது என்று அவர்கள் சொல்வதைப் பல நாள் நானும் கேட்டிருக்கிறேன். வெயில் என்று நினைத்திருந்தேன்.

கடுங்குளிர் நீரில் ஓடும் இரண்டாவது கண்டென்சர் ஒன்றைப் பொருத்தினார்கள். குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தினார்கள். சேதாரம் 1 சதவீதத்துக்குக் கீழே வந்தது. மிச்சமான மெத்தனாலின் விலையே கண்டென்சரின் விலையை ஓர் ஆண்டுக்குள் கொடுத்துவிட்டது என்பதால் மேலாளருக்கும் மகிழ்ச்சி. சேதாரம் என்று எழுதிக் கணக்கை மூடியிருந்தால் அந்தத் தொழிலாளர்கள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

போபாலைப் பற்றியும் அவளிடம் பேசினேன். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு மெத்தில் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தொட்டியைக் குளிரவைக்க வேண்டிய இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. சுமார் 40 டன் வாயு தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் போயிற்று. வேதிப் பொறியியல் படிக்கிற ஒவ்வொருவரும் இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லக் கற்க வேண்டும் என்று நினைக்கிறேன். எது எது வேலை செய்திருந்தால் மக்கள் பிழைத்திருப்பார்கள் என்று. இந்தப் பயம் இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

அண்ணனுக்கு வேலை பற்றித்தான் கவலை. அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். சொந்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் படிப்புக்கு வேலை தேடினால் அரிது. சர்க்கரை ஆலை, வடிப்பாலை, கரூரை அடுத்த புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டி.என்.பி.எல்., மேட்டூரின் ரசாயன ஆலைகள் என்று காவிரிக் கரையோடு ஏறினால் சில இடங்கள் கிடைக்கும். பெரும்பாலானோர் மணலி, கடலூர், தூத்துக்குடி என்று கிளம்புவார்கள். அதைத் தாண்டினால் விசாகப்பட்டினம், ஜாம்நகர், குஜராத்தின் அங்கலேஷ்வர், தஹேஜ், பிறகு வளைகுடா நாடுகள். நானே குஜராத்தில் நான்கு ஆண்டு இருந்தேன். ஆலையில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு ஷிப்ட் இன்ஜினியர். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் தொட்டுத் தொட்டு நடக்க வேண்டும். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். அந்த இரண்டு ஆண்டைச் சகித்துக் கடந்தவர்கள்தான் பிறகு வடிவமைப்புக்குப் போனாலும் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனாலும் நன்றாக வருகிறார்கள். ஆலையைப் பார்க்காமல் நேராக வடிவமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்தவர்கள் வரைந்த வால்வை எட்டிப் பிடிக்க ஏணி போட வேண்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

‘கேட்’ தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் எண்ணெய், எரிவாயு, உரத் துறைப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு வழி உண்டு. மேல்படிப்புக்கும் அதே தேர்வு. மருந்து, உணவு, பெயின்ட், பாலிமர், மின்கலம், சில்லுத் தயாரிப்பு என்று எதற்கும் இந்தப் படிப்புக்காரர்கள் வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் பலருக்குத் தெரியாத வாசல். ஈர நெல்லை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து நெல் பதன ஆராய்ச்சி மையமாக முளைத்த இடம் அது. என்னோடு படித்தவர்களில் பலர் மென்பொருளுக்குப் போய்விட்டார்கள். அதில் குறை இல்லை. ஆனால் மென்பொருளுக்குப் போவதற்காகவே இதைப் படிக்க வேண்டாம், அதற்கு நேர் வழி இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன்.

எனக்குப் பிடித்த கிளை கழிவுநீர். குஜராத்திலிருந்து திரும்பியதும் அதற்குள் போனேன். இன்று திருச்சியில் இருந்துகொண்டு சாயம், தோல், அரிசி ஆலைகளுக்குச் சுத்திகரிப்பு நிலையம் வடிவமைக்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணிக்கும் இந்தப் படிப்பிலிருந்து போகலாம். அந்தப் பக்கம் டெல்டாப் பிள்ளைகள் போக வேண்டும் என்பது என் பெரிய ஆசை. ஒரு திட்டம் வருகிறது, நூற்றுக்கணக்கான பக்கத்தில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வருகிறது, கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறது. மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேரால் அந்த அறிக்கையின் நீர்க் கணக்கைக் கூட்டிப் பார்க்க முடியும்? உள்ளே இவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்கள், வெளியே இவ்வளவு விடுகிறீர்கள், ஆவியாவது இவ்வளவு என்கிறீர்கள், மீதி எங்கே என்று ஒரு பெண் எழுந்து கேட்டால், பதில் சொல்லாமல் அந்தக் கூட்டத்தை முடிக்க முடியாது. கேட்பவர் ஊர்க்காரராக இருக்க வேண்டும், கணக்கும் தெரிந்தவராக இருக்க வேண்டும். கடைமடைக்கு எப்போதும் வந்து சேருவது மேலே எல்லாரும் எடுத்ததுபோக மிஞ்சியதும் மேலே எல்லாரும் கலந்ததும்தான். அந்த இரண்டையும் அளக்க நமக்கு நம் ஆட்கள் வேண்டும்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவளே என்னை எழுப்பினாள். “அத்தை, மில்லில் ஊறல் தொட்டியை இப்போது திறப்பார்களாம். நேற்றே கேட்டு வைத்திருக்கிறேன்.” கையில் 15 லிட்டர் வாளி.

தொட்டியில் 4 டன் நெல், 5,000 லிட்டர் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஊறியது போக மிஞ்சிய மஞ்சள் நிறத் தண்ணீர் வால்வைத் திறந்ததும் வாய்க்காலுக்குப் போகும் குழாயில் பாய்ந்தது. அவள் குழாயடியில் வாளியைப் பிடித்து, போனில் நேரம் பார்த்தாள். 7 விநாடியில் நிறைந்தது. மட்டம் இறங்க இறங்க வேகமும் இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் மறுபடி பிடித்தாள். 8 விநாடி. பிறகு 10. பிறகு 13. 40 நிமிடத்தில் தொட்டி வடிந்து தீர்ந்தது. திண்ணையில் உட்கார்ந்து, நோட்டில் பெருக்கிக் கூட்டினாள்.

“4,000 லிட்டர் அத்தை. ஊற்றியது 5,000.”

மில் முதலாளி பல் துலக்கியபடி நின்றிருந்தவர் அருகில் வந்தார். “மீதி ஆயிரம் எங்கே பாப்பா?”

அவள் தொட்டியைக் காட்டினாள். “நெல் குடித்துவிட்டது. ஈரம் 14இலிருந்து 31க்கு ஏறியிருக்க வேண்டும். நீங்கள் அளந்து பாருங்கள் மாமா.”

அவர் ஈரமானியைக் கொண்டுவரச் சொன்னார். அது இவ்வளவு ஈரத்தைக் காட்டும் கருவி இல்லை என்று நான் சொன்னதும், ஒரு கைப்பிடி நெல்லை எடைபோட்டு வெயிலில் காய வைக்கச் சொல்லிவிட்டு, வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு தொட்டிக்கு 4,000. ஒரு நாளைக்கு ஆறு தொட்டி. இத்தனை ஆண்டும் இதை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. அதில் என்ன கலந்திருக்கிறது தங்கச்சி?” என்று என்னைக் கேட்டார். சர்க்கரைச் சத்து, மாவு, கரைந்த உப்புகள், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும் எல்லாமும் இருக்கும், எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அண்ணன் மகள் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டிலை மூன்று முறை கழுவி எடுத்து வந்தாள். குழாயில் கடைசியாகச் சொட்டிக்கொண்டிருந்ததில் அதை விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் போட்ட பைக்குள் வைத்தோம்.

நான் திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் அவளும் ஏறிக்கொண்டாள். தஞ்சாவூர் வரும் வரை பையை மடியிலிருந்து கீழே வைக்கவே இல்லை.